மாமன் கைச் சோறு

பேருந்து கிளம்புவதற்கு முன் எல்லாரும் வாய் கொப்பளிக்க வேண்டும். வேலியின் காலைப் பூசை அதுதான். வாயிற்கூடத்தில் நீளத் தொட்டியின் முன் வரிசையாக நின்று, நீலக் குப்பியிலிருந்து ஒரு மடக்கு ஊற்றி, கன்னம் உப்பக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, நாக்கை நீட்டிக்கொண்டே அடுத்த மேசைக்குப் போக வேண்டும். பெரிய அதிகாரிகளும் நீட்டினார்கள், மூட்டை தூக்குகிறவர்களும் நீட்டினார்கள். நாக்கை நீட்டுவதில் மட்டுந்தான் இந்த நாட்டில் பேதம் இல்லாமல் இருந்தது.

மேசையில் இருந்த ஜெசிந்தா, நம்பிராஜனின் நாக்கில் நாவுமானியின் தகட்டை ஒற்றி எடுத்தாள். பச்சை விளக்கு எரிந்தது. அவன் கொண்டுவந்த சோற்றுப் பெட்டிக்கும் தண்ணீர்ப் பாட்டிலுக்கும் முத்திரை குத்தினாள்.

"அண்ணாச்சி, தெரிஞ்ச விசயந்தான், ஆனாலும் சொல்லணும். உள்ள ஒரு பருக்கை வாயில வைக்கக் கூடாது. தண்ணியும் நம்ம பாட்டில்தான். யாரு என்ன உறவு சொல்லிக் கையப் பிடிச்சு இழுத்தாலும் சரி. பொழுது அடையறதுக்குள்ள வண்டி திரும்பிரும்."

அவன் தலையாட்டினான். அவள் பார்வை அவன் தோளில் கிடந்த தூளிப்பைக்குப் போய்த் திரும்பியது. புதுத் துணி. அவன் மனைவி சுகந்தி ஒரு வாரமாகத் தைத்தது. ஜெசிந்தா எதுவும் கேட்கவில்லை. பேருந்தில் ஏறியவர்களில் பாதிப் பேர் தோளில் அப்படி ஒரு வெறும் தூளி கிடந்தது.

வேலிக்கு உள்ளே வயல்தான். பசுமை என்றால் அப்படி ஒரு பசுமை. கண்ணுக்குக் குளிர்ச்சி, நெஞ்சுக்கு ஆகாது. நாட்டில் வேறெங்கும் ஒரு நெல் முளைக்காதபோது இங்கே மட்டும் வரப்பு தெரியாமல் கதிர் சாய்ந்து கிடந்தது. பேருந்தின் கண்ணாடிகள் திறக்க முடியாதபடி அடைக்கப்பட்டிருந்தன. வெளியே காற்றில் செம்மண் புழுதியைப் போல ஒன்று மிதந்துகொண்டே இருந்தது. வயலில் ஆட்கள் குனிந்து களை பறித்தார்கள். ஒரு பேருந்து போவதைப் பார்த்து நிமிர்ந்து கையசைக்க, வயலில் ஒரு பிள்ளை இல்லை என்பதை நம்பிராஜன் வெகு நேரம் கழித்துத்தான் உணர்ந்தான்.

ஆலடிக்குறிச்சி என்ற சிறிய ஊரில் பேருந்தை நிறுத்தி, சக்கரத்தைக் கழுவினார்கள். புழுதி மூட்டுக்குள் புகுந்துவிட்டால் எந்த இயந்திரமும் அங்கே இரண்டு வாரம் தாங்காது. இறங்கிக் கால் ஆற நடக்கலாம் என்றார் ஓட்டுநர். கடைத்தெரு நன்றாகத்தான் இருந்தது. ஜவுளிக்கடை இருந்தது, சலூன் இருந்தது, போட்டோ ஸ்டூடியோ இருந்தது. ஜவுளிக்கடைக் கண்ணாடிக்குள் ஒரு சின்னப் பாவாடை சட்டை வெயிலில் நிறம் போய்த் தொங்கியது. பள்ளிக்கூடத்தின் வகுப்புகளில் நெல் மூட்டைகள் கூரை முட்ட அடுக்கியிருந்தன.

வண்டியைக் கண்டதும் டீக்கடைக்காரர் அவசரமாக வடைத் தட்டைத் துணி போட்டு மூடினார். பாய்லரை அணைத்தார். பெஞ்சைத் தூக்கிக் கவிழ்த்தார். விருந்தாளி வந்தால் அடுப்பை அணைப்பதுதான் இந்த மாவட்டத்தின் மரியாதை. இலை போட்டு உபசரித்த ஜனங்கள் இப்படி ஆகிப்போனார்கள்.

"வாங்க, வாங்க. ஒண்ணும் தாரதுக்கில்ல, தப்பா நெனைக்காதிய" என்றார் அவர். பிறகு, அந்த ஊரில் எல்லாரும் எல்லாரிடமும் கேட்பதைக் கேட்டார். "எடுக்க வந்தியளா, ஊட்ட வந்தியளா?"

"இன்னும் தெரியல அண்ணாச்சி."

"தூளிய தோள்ல போட்டுக்கிட்டுத் தெரியலங்கியளே!" அவர் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. "சரி. நல்லபடியா பசியோட போயிட்டு வாங்க."

பசியோடு போவது என்பது அங்கே ஆசீர்வாதம்.

முப்பது ஆண்டுகளுக்கு முன் செந்துகள் என்ற அந்தச் செம்புழுதி வந்தது. எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை அறிஞர்கள் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். நெல்லுக்கு அந்தச் சண்டையால் பயன் ஏதும் இல்லை, அது செத்துப்போனது. கடைசியில் ஆய்வகத்தில் உருவாக்கிய ஒரே ஒரு ரகம் தப்பியது. அதன் பருக்கைக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு கூட்டுயிர் குடியிருந்தது. சிம்பயாண்ட் என்பார்கள் படித்தவர்கள். அது பயிரைக் காத்தது. அந்தப் பயிருக்கும் செந்துகள் கலந்த அந்த மண்ணும் காற்றும் தேவைப்பட்டன. ஆகவே நான்கு தாலுகாக்களைச் சுற்றி வேலி வந்தது. கொதிக்க வைத்தாலும் சாகாத கூட்டுயிரைக் கதிர்வீச்சால் கொன்று, நகரங்களுக்கு அரிசியை மட்டும் அனுப்பினார்கள்.

உள்ளே இருப்பவர்களுக்கு விதி வேறு. செந்துகள் காற்றை ஒரு பகல் சுவாசிக்கலாம். அதற்கு மேல் இருந்தால் நுரையீரல் கரையும். அந்தச் சோற்றைத் தின்றவர்களை மட்டும் காற்று ஒன்றும் செய்யாது. கூட்டுயிர் அவர்களையும் காக்கும். ஆனால் ஒரு முறை தின்றால் தின்றதுதான். பிறகு வேலியைத் தாண்டினால், கூட்டுயிர் பட்டினி கிடந்து, தான் குடியிருக்கும் உடம்பையே தின்ன ஆரம்பிக்கும். ஒரு மாதம்கூடத் தாங்காது. சோறு கண்ட இடம் சொர்க்கம் என்று சொன்னவன் இந்தப் பக்கம் வந்திருக்க மாட்டான்.

கைப்பிள்ளைகளுக்கு மட்டும் ஒரு சந்து இருந்தது. தாய்ப்பால் குடிக்கும்வரை பாலிலுள்ள ஏதோ ஒன்று பிள்ளையைக் காற்றிலிருந்து காக்கும், ஆனால் கூட்டுயிர் பாலில் இறங்காது. பால் மட்டும் போதாமல் போகும் நாள் வந்ததும் முடிவு செய்தாக வேண்டும். சோறு ஊட்டினால் பிள்ளை மண்ணுக்கு. ஊட்டாமல் வெளியே அனுப்பினால் பிள்ளை உலகத்துக்கு, தாய்க்கு இல்லை. முதல் கவளம் தாய்மாமன் மடியில், தாய்மாமன் கையால் என்பது வேலிக்கு முந்தைய பழக்கம். அரசாங்கம் கெட்டிக்காரத்தனமாக அதையே சட்டமாக்கி, அந்த ஒரு நாளுக்கு மாமன்களுக்கு அனுமதி கொடுத்தது. மாமன் வருவான், ஊட்டுவான், பிள்ளை உழவுக்கு ஆள் ஆகும் என்பது கணக்கு. மாமன்கள் தூளியோடு வருவார்கள் என்று அந்தக் கணக்கைப் போட்டவர்கள் நினைக்கவில்லை.

கோமதி வீடு சேந்தன்பத்தில், கால்வாயை ஒட்டி இருந்தது. நான்கு வருடத்துக்கு முன் மண் பரிசோதகராக ஒரு பகல் வேலைக்கு வந்தவள், மாசானத்தைப் பார்த்துவிட்டு, பிறகு ஒரு நாள் கண்ணைத் திறந்துகொண்டே அவன் வீட்டுச் சோற்றைத் தின்றாள். அம்மா அப்பா இல்லாத வீட்டில் தகப்பனாக இருந்து வளர்த்த நம்பிராஜனுக்கு அதன் பிறகுதான் செய்தி வந்தது. அன்று அவன் சுவரில் முட்டிக்கொண்டு அழுதான். அவளை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டி என்ன ஆகும், தின்றாயிற்று.

"வாண்ணே" என்றாள் வாசலில். அடுப்பு அணைந்திருந்தது. குடத்தைக்கூட உள்ளறையில் வைத்துக் கதவைச் சாத்தியிருந்தாள். அவள் இளைத்திருந்தாள். கன்னத்து எலும்பு தெரிந்தது. இடுப்பில் இருந்த பெண்பிள்ளை மாமனைப் பார்த்ததும் அழுகையை நிறுத்திவிட்டு, அவன் மூக்கைப் பிடிக்கக் கை நீட்டியது.

"என்னட்டி இப்படி ஆயிட்ட?"

"பால் நின்னு போச்சுண்ணே. பத்து நாளா சொட்டுச் சொட்டாத்தான். இவ ராவும் பகலும் கத்துதா. இன்னைக்கு நீ வரலேன்னா..."

மாசானம் திடகாத்திரமான ஆள். மூலையில் குத்துக்கால் வைத்து உட்கார்ந்து, மச்சான் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துப் பேசினான்.

"நான் சொல்லுததச் சொல்லிருதேன் மச்சான். பொறவு ஒங்க இஷ்டம். இந்த ஊர்ல கடைசியா சோறு ஊட்டுன புள்ளைக்கு இப்ப பதினேழு வயசு. அதுக்கப்புறம் பொறந்தது பூரா பஸ்ஸுல ஏறிப் போச்சு. எனக்கு அப்புறம் இந்த வயல்ல யாரு எறங்குவா? மிஷினு எறங்குமா? நீங்க அங்க என்னத்தத் திம்பிய?"

"அதுக்காக நம்ம புள்ளைய இந்தச் சேத்துல போட்டுப் பூட்டணுமா?" என்றாள் கோமதி.

"அப்ப ஒன்னையும் நான்தான் இதுல போட்டுப் பூட்டிருக்கேன்னு சொல்லு."

"நானா வந்து தின்னேன். எனக்குக் கேக்க வாய் இருந்துச்சு. இவளுக்கு இருக்கா?"

மாசானம் சொன்னது நியாயம். கோமதி சொன்னதும் நியாயம். இரண்டு நியாயத்துக்கும் நடுவில் பிள்ளை அவன் சட்டைப் பொத்தானை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தது. அவனுக்கு வேறொரு வெட்கமும் இருந்தது. பிள்ளை இல்லாத அவன் வீட்டில், பதினெட்டாம் மாடியில், சுகந்தி ஒரு தொட்டிலைக் கட்டி வைத்துவிட்டு ஜன்னலருகே நின்றுகொண்டிருந்தாள். தங்கையின் வயிறு எரிகிற இடத்தில் தன் வயிறு குளிர்வது அவனுக்குத் தெரிந்தது. அதை நினைக்க அவனுக்குத் தன்மேல் அருவருப்பாக இருந்தது, ஆனால் குளிர்ச்சி போகவில்லை.

"மாப்ள, நீங்க வேண்டாம்னு சொன்னா நான் வெறுந்தூளியோட திரும்பிருதேன்" என்றான். மனதாரத்தான் சொன்னான்.

மாசானம் எழுந்து வந்து பிள்ளையை வாங்கினான். வயலில் வேலை செய்த கை. அந்தக் கைக்குள் பிள்ளையின் தலை ஒரு தேங்காய் அளவு இருந்தது. உச்சியை மோந்து பார்த்தான். பால் வாசனையா, எண்ணெய் வாசனையா, எதைத் தேடினானோ. அப்படியே தூளிக்குள் வைத்துவிட்டு, கால்வாய்க்கரைப் பக்கம் இறங்கிப் போனான். திரும்பி வரவில்லை.

கோமதி அழவில்லை. பேசிக்கொண்டே இருந்தாள். வலப்பக்கம் படுத்தால்தான் இவள் தூங்குவாள், காதில் தண்ணீர் போனால் பிடிக்காது, யாராவது தும்மினால் சிரிப்பாள், வெயிலில் கூசும். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட வேண்டும் என்பதுபோல் பேருந்து நிற்கும் இடம்வரை சொல்லிக்கொண்டே நடந்தாள். படியில் அவன் கால் வைத்த பிறகுதான் அவள் பேச்சு நின்றது.

"பசியோட போயிட்டு வாண்ணே" என்றாள்.

திரும்பும் வழியில் பேருந்து முழுக்கக் குழந்தைச் சத்தம். வாழ்நாளில் பிள்ளை தூக்கிப் பழகாத ஆம்பிளைகள் ஆளுக்கொரு விதமாகத் தாலாட்டினார்கள். நம்பிராஜன் மடியிலிருந்த பிள்ளை எல்லாவற்றையும் மிஞ்சி அழுதது. முத்திரை போட்ட பால்மாவுக் குப்பியைக் கொடுத்தான். இரண்டு வாய் குடித்துவிட்டுத் துப்பியது. தாயைத் தேடுகிறது என்று நினைத்துக்கொண்டான். நாளைக்குப் பழகிவிடும், சுகந்தி பழக்கிவிடுவாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். வெளியே ஆலடிக்குறிச்சிக் கடைத்தெருவில் விளக்கு போட்டிருந்தார்கள். பேருந்துச் சத்தம் கேட்டதும் கடைக்காரர்கள் ஒவ்வொருவராக முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

வாயிற்கூடத்தில் மீண்டும் வரிசை. பெரியவர்கள் நாக்கை நீட்டினார்கள். பிள்ளைகளுக்குப் பஞ்சால் நாக்கைத் துடைத்து, பஞ்சைத் தகட்டில் வைத்தார்கள். முன்னால் போன பிள்ளைகளுக்கெல்லாம் பச்சை எரிந்தது. ஒவ்வொரு பச்சைக்கும் அந்தப் பிள்ளையின் மாமன் மூச்சை விட்டான். நம்பிராஜனின் முறை வந்தது. சிவப்பு எரிந்தது.

ஜெசிந்தா புதுப் பஞ்சை எடுத்தாள். மறுபடி சிவப்பு.

"அண்ணாச்சி, கொஞ்சம் இப்படித் தள்ளி வாங்க."

"மிஷின்ல கோளாறு இருக்கும் தங்கச்சி. அவுங்க அம்மா சத்தியமா ஊட்டலை. பால் குடிக்கிற புள்ள."

ஜெசிந்தா தகட்டைத் துடைத்து அவன் நாக்கில் ஒற்றினாள். பச்சை. மறுபடி துடைத்துத் தன் நாக்கில் ஒற்றினாள். சிவப்பு.

"மிஷின் நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

அவளும் உள்ளே இருப்பவள்தான் என்பது அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது. தினமும் வாசலில் உட்கார்ந்து ஆட்களை வெளியே அனுப்பிக்கொண்டிருந்தவள், அந்த வாசலை ஒரு தடவைகூடத் தாண்டாதவள்.

வாயிற்கூடத்து மேசைத் தொலைபேசியில் அழைத்தான், கோமதி உடனே எடுத்தாள். தாண்டியாயிற்று என்று சொல்லத்தான் கூப்பிடுகிறான் என நினைத்துவிட்டாள். "போயாச்சாண்ணே?"

"ஏட்டி, புள்ளைக்கு என்ன குடுத்த?"

"பாலுதான். வேறென்ன?"

"வேற ஒண்ணுமே குடுக்கலையா? நல்லா யோசிச்சுச் சொல்லு."

"தண்ணி குடுத்தேன், சீனித்தண்ணி. அதுல ஒண்ணும் இல்லன்னு டாக்டரே சொல்லிருக்காரு, எல்லாரும் குடுக்குறதுதான். பொறவு..." அவள் குரல் இறங்கியது. "மூணு நாளைக்கு முன்ன ரொம்பக் கத்துனா. கொஞ்சம் வடிகஞ்சி குடுத்தேன்."

நம்பிராஜன் மேசையில் எரிந்துகொண்டிருந்த சிவப்பு விளக்கைப் பார்த்தான்.

"சோறு இல்லண்ணே! வடிச்ச தண்ணிதான். வேட்டித் துணில ரெண்டு தடவ வடிகட்டினேன், ஒரு பருக்கை கிடையாது. ஒனக்குக் காச்சல்னா அம்மா குடுப்பால்ல, அதுதான். அது சாப்பாடாண்ணே? குடிச்சதும் கப்புன்னு தூங்கிட்டா. பத்து நாளா தூங்காத புள்ள... அண்ணே? ஏன் பேச மாட்டேங்க?"

எந்தத் தமிழ் வீட்டில்தான் வடிகஞ்சியைச் சாப்பாட்டில் சேர்த்திருக்கிறார்கள்? காய்ச்சல்காரனுக்கும் கைப்பிள்ளைக்கும் கொடுப்பது, சட்டைக்குப் போடுவது, மிஞ்சினால் மாட்டுக்கு ஊற்றுவது. மண்ணையே ஆய்வகத்தில் பிரித்துப் பார்த்த கோமதி, சோற்றுக்குப் பூட்டு போட்டாள், கஞ்சித் தண்ணீரை மட்டும் தண்ணீரோடு சேர்த்துவிட்டாள். அவளுடைய அம்மாவும் அப்படித்தான் சேர்த்திருப்பாள்.

"செவப்பு எரியுதுட்டி" என்றான்.

அந்தப் பக்கம் கோமதி மாசானத்தின் பேரைச் சொல்லிக் கத்துவது கேட்டது. வாசல் கதவு மோதும் சத்தம் கேட்டது. சைக்கிளை எடுத்துக்கொண்டு மாசானம் கிளம்பிவிட்டான் என்று கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து சொன்னாள். "வச்சிராதண்ணே. லைன்லயே இரு."

பிள்ளை வீறிட்டது. நம்பிராஜன் பால்மாவுக் குப்பியை மறுபடி எடுத்தான். ஜெசிந்தா அவன் கையை மெல்லத் தடுத்தாள்.

"அதக் குடிக்காது. ஒட்டிட்டா அந்த உயிருக்கு அரிசிதான் வேணும். மூணு நாளா இது அரைவயிறு. பால் பத்தாம அழுவுதுன்னு அவங்க நெனச்சிருப்பாங்க. இப்பக் குடுக்காட்டி தாங்காது."

அவள் உள்ளே போய்த் தன் சாப்பாட்டுத் தூக்கைக் கொண்டுவந்தாள். ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் சோறு போட்டு, வெந்நீர் விட்டுக் குழைய மசித்தாள். மசித்துவிட்டுக் கிண்ணத்தை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"நீங்களே குடுங்களேன்" என்றான் நம்பிராஜன்.

"தாய்மாமன் நீங்க இருக்கையில நான் குடுக்கலாமா? மொத வாயி ஒங்க கையாலதான்." பிறகு தணிந்த குரலில் சொன்னாள். "முடிஞ்சதும் நீலத் தண்ணில கைய நல்லாக் கழுவிருங்க. விரல வாய்கிட்ட கொண்டு போயிராதிய."

கூடத்தின் மறு வாசலில் நகரத்துப் பேருந்து வந்து நின்றிருந்தது. பச்சை எரிந்த பிள்ளைகளோடு மாமன்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தரும் இவன் பக்கம் பார்க்கவில்லை. சட்டைப்பையில் அவன் கைபேசி அதிர்ந்தது. சுகந்தியாகத்தான் இருக்கும். அவன் எடுக்கவில்லை.

அவன் பெஞ்சில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பிள்ளையை மடியில் சாய்த்துக்கொண்டான். ஒரு சுண்டைக்காய் அளவு உருட்டினான். பிள்ளையின் உதட்டருகே கொண்டுபோனான். அழுதுகொண்டிருந்த வாய் அழுகைக்குத் திறந்த அளவிலேயே சோற்றுக்கும் திறந்தது. முதலில் முகம் சுளித்தது. பிறகு நாக்கைச் சுழற்றியது. சப்புக்கொட்டியது. அழுகை நின்றுவிட்டது. நம்பிராஜனின் கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்து தாடையில் நின்றது, துடைக்கக் கை இல்லை. ஒரு கையில் பிள்ளை, ஒரு கையில் சோறு.

மேசைமேல் கிடந்த தொலைபேசியிலிருந்து கோமதி கூப்பிட்டாள். "அண்ணே, சத்தமே இல்லையே. என்ன செய்யுதா?"

"சாப்பிடுதா."

"நெசமாவா? சாப்பிடுதாளா?"

"சாப்பிடுதாட்டி. நல்லா சாப்பிடுதா."

அந்தப் பக்கம் கோமதி சிரித்துவிட்டாள். பிள்ளை வீட்டுக்கு வரப்போகிறது என்று நினைத்த தாயின் சிரிப்பு அது, அடக்குவதற்குள் வந்துவிட்டது. அடுத்த நொடியே, தான் எதற்குச் சிரித்தோம் என்று அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். தொலைபேசியில் ஒரு சத்தம் கேட்டது. சிறு வயதிலிருந்து அவள் அழுவதை எத்தனையோ முறை கேட்டு வளர்த்தவன் அவன். அந்தச் சத்தத்தை அதுவரை கேட்டதில்லை.

நகரத்துப் பேருந்து ஹாரன் அடித்தது. பிள்ளை அவன் விரலைப் பிடித்து இழுத்து, மறுபடியும் வாயைத் திறந்தது. நம்பிராஜன் அடுத்த உருண்டையைப் பிசைந்தான்.